அவர் சொன்ன முடிவு

சார்தேனியாத் தீவுக்குப் போகும் கப்பலுக்காகப் பலேர்மோ துறைமுகத்தில் படுக்கை வசதியுள்ள எங்கள் பழைய கேம்பர் வண்டி வரிசையில் நின்றது.

"இஞ்சருங்கோ, நேற்றுப் படத்திலை கடைசியிலை என்ன நடந்தது?"

"குறட்டை விட்டிட்டு இப்ப கேள்வியோ?" என் கணவர் சிரித்தார். "மருந்திலை அவனுக்கு வருத்தம் மாறீட்டுது. ரெண்டு பேரும் சேர்ந்திட்டினம்."

வீட்டிலிருந்த படங்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி ஒவ்வொரு பயணத்துக்கும் கொண்டுவருவார். நான் பாதியில் தூங்கிவிடுவேன். முடிவை விடிய அவர் சொல்வார்.

அந்தப் பயணத்தின் ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்தபின் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தேன். கதாநாயகன் செத்துப்போகிறான். இன்னும் மூன்று படங்கள் பார்த்தேன். ஒன்றும் அவர் சொன்னபடி முடியவில்லை.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பயணத்துக்கு முந்தின கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் அவரோடு வெகுநேரம் கதைத்தார். எனக்கு இத்தாலியன் விளங்காது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம். கடல்காத்து நல்லதாம்."

டொக்டர் அன்று தந்த கடிதத்தை, இத்தாலியன் வாசிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டு ஜெனனியிடம் கொடுத்தேன். வாசித்தவளுக்குக் கண் கலங்கியது.

"இதிலை பெரிசா ஒண்டுமில்லை அன்ரி."

கடிதத்தை மடித்து வைத்தேன். டிஸ்க்கை அதன்பிறகு போடவில்லை. மிச்சப் படங்கள் எல்லாம் இன்னும் அவர் சொன்னபடியே முடிகின்றன.