முச்சந்தி பேனர்

மகள் சாந்தினியின் படம் போட்ட பேனரை, விழா முடிந்து ஒரு மாதமாகியும் ரப்பர் தோட்டத்து முச்சந்தியிலிருந்து கழற்ற விடவில்லை புவனேசன். பாலிங் பட்டணத்தில் பெரிய மண்டபம் எடுத்து அமர்க்களப்படுத்தியவர் ஆயிற்றே!

அன்று காலை பள்ளிச் சீருடையில் வந்து அவர் காதருகே குனிந்தாள் சாந்தினி.

"அப்பா, பேட் வாங்கணும். காசு குடுங்கப்பா."

"விழாவுல எல்லாம் கரைஞ்சு போச்சுலா. பழைய கைலியக் கிழிச்சு வச்சுக்க."

"கறை பட்டுரும்பா. ஸ்கூல்ல சிரிப்பாங்க."

"அப்ப நிக்கிறவரைக்கும் வீட்டுலயே கெட. மெதுவாப் பேசு! ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்."

பள்ளிப் பேருந்து அவளை ஏற்றாமலே முச்சந்தியில் திரும்பியதை வாசலில் நின்று பார்த்தாள். பேனரில் அவள் பட்டுச்சேலை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, அப்பா போட்டிருந்த கொட்டை எழுத்துகள்:

'எங்கள் செல்ல மகளின் பூப்புனித நீராட்டு விழா. ஊரார் அனைவரும் வருக!'