வேர்ப்பக்கத்து நூல்

போன வாரம் அங்கன்வாடி டீச்சர் சகாயமேரி தமயந்தியின் தாய் பூரணியிடம் பொறுமையாகத்தான் விளக்கினாள். "சோதனைக்குப் பாப்பா பின்தலையில கொஞ்சம் முடி வெட்டிக்குவோம் பூரணி. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். வேரை ஒட்டின ஒரு சென்டிமீட்டர் போன மாசம், அடுத்தது அதுக்கு முந்தின மாசம். பிள்ளை எத்தனை மாசமா பயந்து பயந்து இருக்குன்னு முடியே காட்டிரும். எந்த உதவி வேணும்னு அப்புறம் பார்க்கலாம். வேரும் நுனியும் மாறிடாம வேர்ப்பக்கம் ஒரு நூல் கட்டுவோம், அவ்வளவுதான்."

உள்ளே டிவி சத்தம் குறைந்தது. பூரணி உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

இன்று கத்தரியோடு வந்தபோது, நாலு வயது தமயந்தி மொட்டைத் தலையில் சந்தனம் காய, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டுதல்," என்றான் அவளுடைய அப்பா, நாற்காலியை விட்டு எழாமல். ரிமோட்டைக் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டினான். குழந்தை கண்களை மூடிக்கொண்டாள்.

இந்தத் தெருவில் அவள் முடி கேட்டு ஏறிய முப்பத்தோராவது வீடு இது. சகாயமேரிக்குக் கோபம்கூட வரவில்லை. "முடி வளரட்டும், மூணு மாசம் கழிச்சு வரேன்," என்று பையை மூடினாள்.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க டீச்சர்," என்றாள் பூரணி. டம்ளரைக் கொடுக்கும்போதே எதையோ அவள் உள்ளங்கையில் அழுத்தினாள். முகம் அப்படியே இருந்தது.

தெருமுனைக்குப் போய்த்தான் சகாயமேரி கையைத் திறந்தாள். நாலாக மடித்த காலண்டர் தாள். அதற்குள் ஒரு கொத்துப் பிஞ்சு முடி, ஒரு முனையில் மட்டும் இறுக்கிக் கட்டிய சிவப்பு நூல். ஸ்கேலை வைத்தாள். பதினான்கு சென்டிமீட்டர்.

அந்த வீட்டில் டிவி சத்தம் கூடியது. தெருமுனை வரை கேட்டது.