வெயில் தின்னும் கடிகாரம்

சாயப்பட்டறையில் பட்டுநூல் அலசி ஓய்ந்துபோன கண்ணாயிரம், வெயிலில் சார்ஜ் ஏறும் தம் கைக்கடிகாரத்தைக் கொல்லையில் துவைகல்லின்மேல் வைக்கிறார். மகள் வாங்கித் தந்தது. சென்ற ஞாயிறு அது நின்றுபோனதால், தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அவளுடைய அழைப்பு வந்தபோது இவர் அங்கில்லை. இன்று மாலை மறுபடியும் அழைப்பாள். சார்ஜ் குறைந்ததால் நொடிமுள் இரண்டிரண்டு நொடியாகத் தாவுகிறது. அதன் பசி அடங்கவில்லை. சற்றுக் கழித்துக் கொல்லைக்கு வரும் மனைவி கிருஷ்ணவேணி பெருமூச்சு விடுகிறாள். கடிகாரம் வேப்பமர நிழலில், உலரும் நூல்கழிகளின் அடியில் கிடக்கிறது.

“இன்னாயா, மறுபடியும் நெயல்ல வச்சிக்கினு கீற?”

“வெயில்ல சாயம் வெளுத்துடும்னு கை தானா எட்த்து வச்சிடுது, வேணி.”

“அதுக்கு ஏதுயா சாயம்?”

தானாக எடுக்கும் அந்த நீலமேறிய கையிலேயே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, நிழலை விட்டு விலகி, கையை வெயிலுக்கு நீட்டியபடி அமர்கிறார்.