எட்டடிக் கம்பு

“உங்களுக்கு எட்டடி காணும், ஓவசியர் ஐயா. இதுக்கு மேல போனா கை உளையும்.”

வாசலில் சாத்தியிருந்த நெட்டை மூங்கில்களை விட்டுவிட்டு, கடைக்குள்ளே மூலையில் கிடந்த ஒரு குட்டைக் கம்பை எடுத்து நீட்டினார் முத்தலிப் காக்கா.

நல்லரத்தினம் கொஞ்சம் தயங்கினார்.

“கரையில நிண்டு இந்த வாவிச் செல்வன் மீனைப் பிடிக்க இது போதுமா, காக்கா? மற்ற ஆக்கள் எல்லாம் நெட்டைக் கம்போட நிக்கிறாங்களே.”

“அது பழகின கை, ஐயா. நீங்க முதல்ல இதால பழகுங்க.”

நல்லரத்தினம் வாங்கிக்கொண்டார். முப்பது வருசம் நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியராக இருந்து, வாய்க்காலையெல்லாம் அடிக்கணக்கில் அளந்தவர்தான். ஆனால் தூண்டிலைத் தொட்டது அன்றைக்குத்தான். முத்தலிப்போ காத்தான்குடியிலிருந்து வந்து, அவர் வீட்டுக்கு நேர் எதிரே, வாவிக்கரைத் தெருவில் இருபது வருசமாக மூங்கிலும் தூண்டிலும் விற்கிறவர். இந்தத் தூண்டில் யோசனையே அவர் சொன்னதுதான். “சும்மா வீட்டுக்குள்ள கிடந்து என்னத்துக்கு? பின்னேரத்தில வாவிப் பக்கம் வாங்களன்” என்று பத்து நாளாய் நச்சரித்திருந்தார்.

அன்றிலிருந்து மூன்று மணியானால் நல்லரத்தினம் கரையில் நிற்பார். தக்கை தண்ணீரில் ஆடும். மீன் வராது. எப்போதாவது விரல் நீளத்தில் ஒன்று மாட்டும். அதையும் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

கொஞ்ச நேரத்தில் முத்தலிப்பும் கடையைச் சாத்திவிட்டுக் கத்தியும் மூங்கிலுமாக வந்து பக்கத்தில் குந்துவார். கணுவைச் சீவிக்கொண்டே ஏதாவது கதைப்பார். நல்லரத்தினம் தூண்டிலைச் சுருட்டப் பார்த்தால் விடமாட்டார்.

“எங்க போறீங்க? பொழுது படுற நேரந்தான் மீன் வாய் திறக்கும். இருங்க ஐயா.”

நல்லரத்தினமும் இருந்துவிடுவார். போய்த்தான் என்ன? மனைவி மங்கையற்கரசி காலமாகி மூன்று வருசம். ஒரே மகன் மலாயாவில். சிங்கப்பூர் யப்பான்காரன் கையில் விழுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை.

இப்படியே ஒன்றரை மாதம் போனது.

ஒரு நாள் முத்தலிப் கடையில் ஏதோ வேலையென்று வரவில்லை. முழங்கால் தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த சின்னத்தங்கம், நல்லரத்தினத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஐயா, கோவிக்காதீங்க. அந்தப் பாசி தெரியுதில்லையா? அதுக்கு அங்காலதான் மீன் கிடக்கு. பதினஞ்சடிக் கம்பு இல்லாம உங்களுக்கு ஒண்டும் வராது.”

“முத்தலிப் காக்கா இதுதான் காணும் எண்டாரே?”

“அவருக்குத் தெரியாதா? இந்தக் கரைக்கு வாற எல்லாருக்கும் பதினஞ்சடி வெட்டிக் குடுக்கிறதே அவர்தானே!”

நல்லரத்தினத்துக்கு முகம் சுருங்கிப்போனது. மூலையில் கிடந்த கம்பு. யாரும் வாங்காத கம்பு. எதிர்வீட்டுக்காரனென்றும் பாராமல் தலையில் கட்டிவிட்டானே! பக்கத்தில் வந்து குந்தியிருந்து சிரித்துச் சிரித்துக் கதைத்ததெல்லாம் எதற்கு? குட்டு வெளிப்படாமல் இருக்கத்தானா?

மறுநாள் காலையில் பசாருக்கு நடந்து போய், வேறொரு கடையில் பதினைந்தடிக் கம்பு வாங்கினார். மூன்று மணிக்குக் கரைக்கு வந்தார். பாசிக்கு அந்தப் பக்கம் தக்கை விழுந்ததுதான் தாமதம், இழுத்தது. கையகலச் செல்வன். மறுபடி ஒன்று. அரை மணித்தியாலத்தில் ஐந்து.

பக்கத்தில் காட்ட ஆள் இல்லை; முத்தலிப் இன்னும் வந்திருக்கவில்லை. ஐந்தையும் ஓலையில் கோத்துக்கொண்டு, நாலு மணிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்.

குசினியில் மீனை வைத்தார். அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. ஒரு வாய்க்கு ஐந்து மீன். வீடு மூச்சு விடாமல் கிடந்தது. வெளியே வந்தார். கால் தானாக வாசல் படலையடிக்குப் போனது.

தூரத்தில் சைக்கிள் மணி கேட்டது. பின்னேரத் தபால்.

நல்லரத்தினம் படலையைத் திறந்து பிடித்தார்.

தபால்காரன் அவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். சைக்கிள் நிற்கவில்லை. தெருமுனை திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் தினமும் இதே நேரம், இதே இடத்தில்தான் அவர் நிற்பார். இந்த ஒன்றரை மாதமாகத்தான் நிற்கவில்லை. ஏனோ அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. எதிரே கடை திறந்திருந்தது. விறுவிறென்று தெருவைக் கடந்தார்.

“காக்கா! எட்டடிக் கம்பால மீன் வராதெண்டு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

முத்தலிப் நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியும், ஐயா.”

“தெரிஞ்சுகொண்டா தந்தீங்க? விக்காமக் கிடந்ததை என்ட தலையில கட்டிப்போட்டு, ஒண்டும் தெரியாத மாதிரிப் பக்கத்தில வந்து குந்தியிருந்தீங்களே! எதிர்வீட்டு மனுசனுக்குச் செய்யிற வேலையா இது?”

முத்தலிப் கத்தியைக் கீழே வைத்தார்.

“நெட்டைக் கம்பெண்டா நாலு மணிக்கே மீனோட வீட்டுக்கு வந்திருவீங்க, ஐயா. மறுகா தபால்காரன் நிக்காமப் போவான். நீங்க படலையைப் பிடிச்சுக்கொண்டு அப்படியே நிப்பீங்க. இஞ்ச இருந்து அதைப் பார்க்க என்னால ஏலாது.”