தொட்டால் மட்டும்

"திறந்த உடனே பாட்டு வரக் கூடாதும்மா," என்றார் ட்ரம்பெட்காரர், மறுபடியும்.

"வராது சார். அதுக்குத்தானே பொத்தான் வெச்சிருக்கேன்."

வலைத்தளம் கட்டித் தருவது அவளுடைய தொழில். துணிக்கடைக்காரர், பல் டாக்டர், டிராவல்ஸ் என்று எத்தனையோ பேருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். எல்லோருக்கும் ஒரே ஆசை. பக்கம் திறந்ததும் பாட்டு அதிர வேண்டும். 'வேண்டாம், ஆபீசில் திறந்தவன் அலறியடித்து மூடிவிட்டுப் போய்விடுவான்' என்று அவள்தான் ஒவ்வொருவரிடமும் மல்லுக்கட்டுவாள்.

இங்கே ஆட்டம் தலைகீழ்.

பெரிய வாத்தியக் குழுவில் முன்வரிசைக்காரர் அவர். அவர் ஊதினால் மைதானத்தின் கடைசி ஆளுக்கும் மைக் இல்லாமலே கேட்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவர், தன் சொந்தத் தளத்தில் பூனை மாதிரி நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்.

பொத்தானை அமுக்கினாலும் ஒலி பூஜ்யத்தில்தான் இருக்க வேண்டுமாம். கேட்கிறவர் விரலால் கூட்டினால்தான் கூட வேண்டுமாம்.

நிறுத்துகிற பொத்தானை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். ஆக்கினாள். இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியில் அது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி திரையின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"வாசிச்சதை விட நிறுத்துறதுக்குத்தான் சார் நீங்க அதிகம் கவலைப்படறீங்க!"

அவர் சிரித்தார். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

முகப்பில் போட ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், ட்ரம்பெட்டைக் கொண்டுவாருங்கள் என்றாள். அது குழுவின் ஆபீசில் இருக்கிறதாம். வீட்டுக்குக் கொண்டுவருவதில்லையாம்.

அவருடைய மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். கோப்பை மேசையில் உட்கார்ந்த சத்தமே கேட்கவில்லை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டியிருந்தது. தரை கீறிவிடும் என்று பயப்படுகிற வீடு போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"மாசத்துக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு நினைக்கறீங்க சார்?"

"ஒருத்தர் வந்தா போதும்மா."

தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் அசட்டுத்தனம் என்றும்.

"சரி, தளத்தை நெட்ல ஏத்திடட்டுமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி உள்ளறைப் பக்கம் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

"ஏத்தும்மா."

ஏற்றினாள். அவர் தன் போனை எடுத்து, தள முகவரியை யாருக்கோ அனுப்பினார். பிறகு இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

அவளுடைய திரையில், வருகையாளர் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒன்றானது.

"ஒருத்தர் வந்துட்டாங்க சார்!"

அவர் உதட்டில் விரல் வைத்தார்.

வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது.

பிறகு ட்ரம்பெட் கேட்டது.

தன் மடிக்கணினிதானோ என்று பதறிப் பார்த்தாள். இல்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. நாலு தெரு தள்ளி யாரோ வாசிப்பது போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, அவ்வளவு மெல்லிசாக.

சட்டென்று நின்றுவிட்டது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. முதல் ஆள், ஒரு வரிகூட முழுசாகக் கேட்கவில்லையே. என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்தபடி அவரை ஏறிட்டாள்.

அவர் முகம் மலர்ந்து கிடந்தது.

"நிறுத்திட்டான்!" மனைவியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். "அவனே நிறுத்திட்டான். பார்த்தியா? கத்தல, ஒண்ணும் பண்ணல. அவனே!"

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"எங்க பையன்மா. திடீர்னு சத்தம் கேட்டா தாங்க மாட்டான், பொறந்ததுல இருந்தே. குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கிட்டு அலறுவான். போன வாரம் அவனா வந்து கேட்டான், அப்பா வாசிச்சா எப்படி இருக்கும்னு. பதினாலு வருஷமா இவர் வாசிச்சு அவன் கேட்டதே இல்லம்மா."

அவள் மடிக்கணினியை ஓசைப்படாமல் பாதி மூடினாள்.

கதவுக்குப் பின்னால் பாட்டு மறுபடி தொடங்கியது, முதலிலிருந்து. இந்தத் தடவை நாலு தெரு தள்ளி இல்லை. ஒரு தெருதான். பிறகு வாசலுக்கு வந்துவிட்டது. நடுவில் ஒருமுறை குறைந்தது, குறைந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று யோசித்தது, பிறகு மேலே ஏறியது. ட்ரம்பெட்காரர் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார், ஊதுகிறவரைப் போல.

கடைசிச் சுரம் வரை போய் முடிந்தது.

கதவு திறந்தது. மீசை அரும்பத் தொடங்கிய பையன் ஒருவன், போனும் கையுமாக வந்து நின்றான். வந்திருப்பவளைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக் கேட்டான்.

"இது ஒண்ணுதான் இருக்கா?"

ட்ரம்பெட்காரர் அவள் பக்கம் திரும்பினார். மூடப்போன மடிக்கணினியை அவள் திரும்பவும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.