பல் முளைத்த பவளம்

ஆழ்வார்பேட்டையில் ஸ்ரீநாத் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் வளரும் பவளங்களுக்கு அயோடின், இரும்புச் சத்து எல்லாம் சொட்டு சொட்டாக விடுவது கபாலியின் வேலை. தண்ணீரைச் சோதித்த பிறகுதான் மருந்து விட வேண்டும். போன வாரம் அவன் அவசரத்தில் சோதிக்காமல் விட்டுவிட, ஒரு பவளம் வெளுத்துப் போனது.

“கொன்னுட்டியேடா, நாயே!” என்று ஸ்ரீநாத் அவன் தலைமயிரைப் பிடித்துக் கண்ணாடி விளிம்பில் மோதினார். முன்பல் ஒன்று பெயர்ந்து, ரத்தத்தோடு தொட்டிக்குள் விழுந்தது. வேலை போனால் சோறு போகும் என்பதால் கபாலி வாயைத் துடைத்துக்கொண்டு போனான்.

இந்த வாரம் முதலில் தண்ணீரைச் சோதித்தான். இரும்பு மட்டும் எகிறிக் கிடந்தது. வெளுத்த பவளம் செக்கச்செவேலென்று இருந்தது. சுவரைப் பார்த்த பக்கத்தில் அதற்கு ஒரு பிளவு. அதில் அவன் பல் நின்றது. அதை ஒட்டி, அவன் இழக்காத பற்களும் வரிசையாக முளைத்திருந்தன. இடுக்கியால் தொட்டான். இடுக்கி இரண்டாக முறிந்தது.

ஸ்ரீநாத் சிரித்துக்கொண்டே வந்தார். “பாத்தியா, உதைச்சாத்தான் உங்களுக்கெல்லாம் வேலை வருது. இதை நானே தூக்கி மேல வெளிச்சத்துல வெக்கறேன். கிளவுஸ் போட்டுக்கணுமா?”

கபாலி கையுறையைப் பைக்குள் திணித்தான். நாக்கு பல் போன இடத்தைத் தடவியது.

“எதுக்கு சார்? சாதுவாத்தான் கீது. பின்னால கைய வுட்டு, கெட்டியா புடிச்சி தூக்குங்க.”

தொட்டிக்குள் கை விடுமுன் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்துவது வழக்கம். கபாலி மறக்காமல் நிறுத்தினான். தண்ணீர் அசையாமல் நின்றது. சுவர்ப்பக்கம் பற்கள் மெல்லத் திறந்தன.