வில் எழும்பிய இடம்

கடைசி உருப்படிக்காக அக்கா வில்லைக் கம்பிமேல் வைத்தபோது, பக்கத்து நாற்காலியில் இரண்டாவது வயலினோடு உட்கார்ந்திருந்த தம்பி அவள் வலது கையையே பார்த்தான்.

இதுவரை தப்பித்தாயிற்று.

முதலில் வாசித்தவை ஐரோப்பாவின் பழைய பரோக் காலத்து நடன இசைகள். வில் துள்ளித் துள்ளி ஓடுகிற இசை. அக்காவின் கை நடுக்கம் அந்தத் துள்ளலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது.

அடுத்து வந்த செவ்வியல் காலத்து நால்வர் இசை கொஞ்சம் மிரட்டியது. அவள் வில் சறுக்கிய இடங்களில் தம்பி தன் வயலினைச் சற்று உரக்க இழுத்து மூடினான். முன்வரிசையில் ஒரு பெண்மணி முகம் சுளித்தார். சுளிக்கட்டும். பழி அவன்மேல் விழுந்தால் போதும்.

இனி வருவது அதற்கும் பிந்திய ரொமாண்டிக் காலத்து மெது இசை. வில்லை அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக, அவசரமே இல்லாமல் இழுக்க வேண்டும். நடுங்குகிற கைக்கு ஒளிய இடமே கிடையாது.

மழைக்காலத் தொடக்கத்தில், ஒத்திகைக்கு மற்றவர்கள் வருமுன் அக்கா அவனிடம் வலது கையை நீட்டிக் காட்டியிருந்தாள். மேசைமேல் வைத்த கைபேசி அழைப்பு வந்தால் அதிர்வது போல் அதிர்ந்தது. மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். குணமாகும் என்று மட்டும் சொல்லவில்லை.

"உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வயலினைப் பெட்டியில வச்சுப் பூட்டிடுவார். இந்த ஒரு கச்சேரி எனக்கு வேணும்டா."

ஏற்பாடு இதுதான். மெது இசையின் நடுவே அவள் வில் கம்பியை விட்டு எழும்பினால், மெட்டை அவன் எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் வழக்கமாக வாசிக்கும் துணைச்சுரம், அடியில் காலடி வைத்து நடப்பது போல வருகிற ஒன்று, விட்டுப்போகும். போகட்டும். மிச்சத்தைக் குழுவின் மற்ற இரு வாத்தியங்களான வியோலாவும் செல்லோவும் தாங்கிக்கொள்ளும்.

அன்றிலிருந்து அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவளுடைய பகுதியைப் பழகினான். இவர் குளிக்கிறாரா, கச்சேரி பண்ணுகிறாரா என்று அவன் மனைவியே கேட்டுவிட்டாள். அக்காவுக்குச் செய்து கொடுத்த சத்தியத்துக்காக அவளிடம்கூட அவன் மூச்சு விடவில்லை.

எதிரே வியோலாவோடு மாமா. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவளோடு சேர்ந்து வாசிக்கிறவர். நடுவில் செல்லோக்காரர். அவரைப் 'பாறை' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வீடு பற்றி எரிந்தாலும் அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது.

மெட்டு தொடங்கியது.

முதல் இழுப்பு நேராக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில், நுனியை நெருங்கும்போது, ஒலியில் ஒரு சுருக்கம் விழுந்தது. அக்காவின் மணிக்கட்டில் நரம்பு புடைத்திருப்பதைத் தம்பி பார்த்தான்.

அவள் வில் எழும்பியது.

அவன் காத்திருக்கவில்லை. மெட்டைப் பற்றிக்கொண்டான்.

அதே நொடியில் எதிரிலிருந்தும் மெட்டு கேட்டது. வியோலாவில், ஒரு ஸ்தாயி கீழே, பிசிறில்லாமல். அதற்கும் கீழே செல்லோவில், அதே மெட்டு.

மூன்று பேரும் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் ஒன்றுமே இல்லை. சுவரில்லாமல் கூரை மட்டும் அந்தரத்தில் நிற்பது போல் இருந்தது.

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா பாறையைப் பார்த்தார். பாறையின் நெற்றியில் முதல்முறையாக வியர்வை தெரிந்தது.

யாராவது விட வேண்டும். யார்? நான் விட்டால் அவர்களும் விட்டுவிட்டால்? விட்டுக்கொடுக்கப் பயந்து மூவரும் ஒட்டிக்கொண்டே போனார்கள். அரங்கத்தில் இருமல்கூட நின்றுபோயிற்று. இன்னும் சில அடிகளில் மெட்டு உச்சிக்கு ஏறும். தாங்க ஒன்றும் இல்லாமல் ஏறினால் அங்கே எல்லாம் குப்புற விழும் என்று நால்வருக்குமே தெரியும்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கணவரின் முகத்தில் அதிக நேரம் நின்றாள்.

பிறகு வில்லை மடியில் படுக்க வைத்தாள். வயலினைத் தோளிலிருந்து இறக்கவில்லை. நடுங்கும் வலது கையின் கட்டைவிரலை வயலினின் ஓரத்தில் ஊன்றி, ஆள்காட்டி விரலால் கம்பியைச் சுண்டினாள்.

தம்பி விட்டுவந்த துணைச்சுரம்.

ஒரு சுண்டல், இன்னொன்று, இன்னொன்று. நீள இழுப்புக்குத்தான் கை உதவவில்லை. ஒரு சுண்டலுக்கு அதிகம் வேண்டியதில்லை. கூரைக்குக் கீழே ஒவ்வொரு கல்லாகச் சுவர் எழும்பியது. மூவரும் உச்சிக்கு ஏறினார்கள். விழவில்லை.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முகம் சுளித்த பெண்மணி எழுந்து நின்று தட்டினார். இப்படி ஒரு துணிச்சலான இசையமைப்பைக் கேட்டதே இல்லை என்று யாரோ யாரிடமோ சொன்னது தம்பியின் காதில் விழுந்தது.

மேடைக்குப் பின்னால் வந்ததும் அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தவன் அவன். இவளோ ஊருக்கே தண்டோரா போட்டிருக்கிறாள்.

அறை வாசலில் அவளை ஓரமாக நிறுத்தினான். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, என்கிட்ட எதுக்குச் சத்தியம் வாங்கின?"

அக்கா திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தபடியே நின்றாள். அங்கே மாமா தன் வில்லின் மயிரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். பாறை கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் பக்கமும் திரும்பவில்லை.

"அவங்க ரெண்டு பேருக்கும் நான் சொல்லவே இல்லடா."